பதினோராம் நாள் எரிந்த மஞ்சள் விளக்கு

கேள்வி: அண்ணா, வணக்கம். அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு கார் கன்சல்டிங்கில் 2016 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை 3 லட்சத்து 40 ஆயிரம் கொடுத்து வாங்கினோம். மீட்டரில் 62,000 கி.மீ. இருந்தது. வாங்கிய பதினோராம் நாள், எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. பக்கத்துப் பட்டறையில் மிஷினை மாட்டி அழித்துவிட்டு 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். நாலே நாளில் திரும்ப எரிந்தது. வேறு இடத்துக்குப் போனால் ‘பி0420’ என்று ஒரு சீட்டில் எழுதித் தந்து, “கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, 45,000 ஆகும்” என்றார்கள். விற்றவரைக் கூப்பிட்டால், “பழைய வண்டியில் லைட் எரிவதெல்லாம் சகஜம்மா” என்கிறார். என் கணவரோ விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடலாம் என்கிறார். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு டிக் டிக் சத்தம் வரும், ஐந்து நிமிடத்தில் போய்விடும். அது பெரிதாகத் தெரியவில்லை. 45,000 செலவு செய்யத்தான் வேண்டுமா?

- வாசகி, அவிநாசி

பதில்: கடிதத்தின் கடைசியில், பெரிதாகத் தெரியவில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே அந்த டிக் டிக் சத்தம், அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது தங்கச்சி. 45,000 ரூபாயை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். முதலில் அந்தச் சத்தத்தைப் பார்ப்போம்.

அதற்கு முன்னால் ‘பி0420’ என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். உங்கள் சைலன்சர் குழாயில் இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள் இருக்கின்றன. ஒன்று, புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கன்வெர்ட்டருக்கு முன்னால், இன்னொன்று பின்னால். எஞ்சின் கொஞ்சம் அதிகப் பெட்ரோல், கொஞ்சம் குறைந்த பெட்ரோல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் முன் சென்சாரின் வோல்ட் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஊஞ்சல் ஆடும். கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்தால் பின் சென்சார் அந்த ஆட்டம் இல்லாமல் 0.6, 0.7 என்று அமைதியாக இருக்கும். பின்னால் இருப்பதும் முன்னதைப் போலவே ஆட ஆரம்பித்தால், வண்டியின் கம்ப்யூட்டர் பி0420 என்று எழுதிவைத்துக்கொள்ளும். ‘கன்வெர்ட்டரின் வேலை குறைந்த மாதிரி தெரிகிறது’ என்பதுதான் அதற்கு அர்த்தம். ‘கன்வெர்ட்டரைக் கழற்றிப் போடு’ என்று அது சொல்லவில்லை. காய்ச்சல் 102 என்று தெர்மாமீட்டர் காட்டியதும் யாராவது ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்களா?

இப்போது சத்தத்துக்கு வருகிறேன். எஞ்சினிலிருந்து புகை வெளியே வரும் இடத்தில் மேனிபோல்டு என்று ஒரு வார்ப்புக் குழாய் இருக்கும். அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே புகை கசியாமல் அடைக்கும் தகடு ஒன்று, அதுதான் கேஸ்கெட். அந்தக் கேஸ்கெட் ஊதிப் போனாலோ, மேனிபோல்டில் மயிரிழை அளவு விரிசல் விட்டாலோ, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது அந்தச் சந்து வழியாகப் புகை டிக் டிக்கென்று அடிக்கும். சூடேறியதும் இரும்பு விரிந்து சந்து அடைபட்டுவிடும், சத்தம் நின்றுவிடும். நீங்கள் சொல்லும் ஐந்து நிமிடம் இந்தக் கணக்குக்குச் சரியாக வருகிறது. அந்தச் சந்து வழியாகப் புகை வெளியே போவதோடு, ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் வெளிக்காற்றும் உள்ளே இழுபடும். அந்தக் காற்றில் இருக்கும் ஆக்சிஜனைப் பார்த்துச் சென்சார்கள் ஏமாந்துபோகும். நல்ல கன்வெர்ட்டர்மேல் பழி விழுவது இப்படித்தான்.

இதை நீங்களே சோதிக்கலாம். விடியற்காலையில், ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் பானெட்டைத் திறந்து வையுங்கள். உங்கள் கணவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள் (டேப் ஒட்டுவதை விட இது உருப்படியான வேலை). தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸில் ஒரு மூன்றடித் துண்டை வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை மேனிபோல்டு இணைப்பு பக்கமாக நகர்த்துங்கள். புடவைத் தலைப்பு, துப்பட்டா, தலைமுடி எதுவும் ஃபேன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் சத்தம் காதை அறையும். இணைப்பு ஓரத்தில் கரி படிந்து கறுப்புக் கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கேஸ்கெட் விலை சில நூறு ரூபாய்தான், மீதிச் செலவு கூலி. அதை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட்டு (போல்ட்) துருப்பிடித்து, கழற்றும்போது முறிந்தால் லேத்துக்குப் போக வேண்டிவரும். அப்படியே ஆனாலும் 45,000 ஆகாது.

சத்தம் அங்கே இல்லாமல் எஞ்சின் தலைப் பக்கம், மேலே கேட்கிறதா? அப்படியானால் அது வால்வைத் திறக்கும் டேப்பெட்டின் சத்தமாக இருக்கலாம். டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். வண்டி வாங்கின அன்றே ஆயிலை யாரும் பார்ப்பதில்லை, எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆயில் குறைந்திருந்தால் சரியான அளவுக்கு ஊற்றி, ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு குடிக்கிறது என்று குறித்து வையுங்கள். ஆயில் குடிக்கும் எஞ்சின் கன்வெர்ட்டரையும் சேர்த்துக் கெடுக்கும். மிஸ்ஸிங் அடிக்கும் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் தவறும்) எஞ்சினும் அப்படித்தான், எரியாத பெட்ரோல் உள்ளே போய் அங்கே எரிந்து, தேன்கூடு மாதிரி இருக்கும் உள்பாகத்தை உருக்கிவிடும். காரணத்தைச் சரி செய்யாமல் புதுக் கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் கெட்டுப்போகும்.

ஒருவேளை கன்வெர்ட்டரே காலி டப்பாவாக இருந்தால்? இதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பதால் பழையதற்கும் நல்ல விலை உண்டு. உள்ளிருப்பதைக் குத்தி எடுத்து விற்றுவிட்டு, வெல்டிங் வைத்து மாட்டிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். பின் சென்சாருக்கு அடியில் நட்டு மாதிரி ஒரு துண்டைச் சொருகி, சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி வைத்து விளக்கை அடக்கும் வேலையும் நடக்கிறது. எனவே மேனிபோல்டு பார்க்கும்போது கன்வெர்ட்டர் மேல் புது வெல்டிங் தழும்பு இருக்கிறதா, பின் சென்சார் வழக்கத்துக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வருவது உடைந்த கன்வெர்ட்டர். கடைசியில் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வந்தால், பழையதைப் பட்டறையில் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள்.

சரி, 300 ரூபாய் விஷயம். அந்தப் பட்டறைக்காரர்மேல்தான் எனக்குக் கோபம். அழிக்கும் முன் படிக்க வேண்டும். கோளாறு பதிவான நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, எஞ்சின் எவ்வளவு சூடு, எத்தனை சுற்று சுற்றியது என்று கம்ப்யூட்டர் ஒரு போட்டோ மாதிரி எடுத்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். இதைவிட முக்கியமானது இன்னொன்று. பெரும்பாலான வண்டிகளில், ‘கோடு (பி0420 மாதிரியான கோளாறு எண்) அழித்த பிறகு ஓடிய தூரம்’ என்று ஒரு கணக்கு இருக்கும். விற்பதற்கு முன் யாராவது விளக்கை அழித்துவிட்டுக் கொடுத்தார்களா என்பதற்கு அதுதான் சாட்சி.

மூன்று வருடத்துக்கு முன், ஓய்வு பெற்ற ஒரு பஸ் கண்டக்டர், வாங்கி ஐந்து நாளான வண்டியை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அதே மஞ்சள் விளக்கு. நல்லவேளை, யாரும் கை வைக்கவில்லை. அழித்த பிறகு ஓடிய தூரம் 187 கி.மீ. என்று காட்டியது. மீட்டரில் இருந்ததில் 187-ஐக் கழித்தால், டெலிவரி ரசீதில் எழுதியிருந்த எண்ணுக்கு ஒரே ஒரு கிலோமீட்டர் வித்தியாசம். வண்டிச் சாவியைக் கொடுக்கும் முன் அழித்திருக்கிறார்கள். அவர் ஸ்கிரீனைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். முப்பது வருடம் டிக்கெட் கணக்குப் பார்த்தவரிடம் அவர்களால் வாதாட முடியவில்லை, ரிப்பேர் செலவில் பாதியைக் கொடுத்தார்கள். ஒன்று மட்டும், பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் சில வண்டிகளில் இந்தக் கணக்கு பூஜ்யமாகும். “பேட்டரி மாற்றினோம்” என்று அவர்கள் சொன்னால் பேட்டரியின் பில்லைக் கேட்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் அந்தச் சாட்சி போய்விட்டது. ஆனாலும் பதினோரு நாள் விளக்கு எரியாமல் இருந்ததற்கு ஒரு விளக்கம் உண்டு. விற்கும் முன் யாராவது அழித்திருந்தால், கம்ப்யூட்டர் எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து தொடங்கும். கன்வெர்ட்டர் சோதனைக்கு எஞ்சின் நன்றாகச் சூடேறி, ஒரே வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். இந்த மாதிரிக் கோளாறுக்கு ஒரு தடவை தப்பு தெரிந்தாலும் விளக்கு எரியாது, அடுத்த ஓட்டத்திலும் தெரிந்தால்தான் எரியும். பள்ளிக்கும் வீட்டுக்கும் நாலு கிலோமீட்டர் போய்வரும் வண்டியில் இதற்குப் பத்து நாள் ஆவது அதிசயமில்லை. ஆகவே, வாங்கிய அன்றே கோளாறு இருந்திருக்க வாய்ப்பு அதிகம். நிரூபிப்பதுதான் கஷ்டம்.

விற்றவரிடம் போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். விளக்கு எரிந்த தேதி, கி.மீ., கோடு எண் மூன்றையும் போட்டோவுடன் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கேஸ்கெட்தான் கோளாறு என்று ஆனால், பில்லை அனுப்பிச் செலவைக் கேளுங்கள். பெரிய செலவாகி அவர் கைவிரித்தால், வியாபாரமாக வண்டி விற்பவர் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இதுவே தெரிந்தவர் ஒருவரின் சொந்த வண்டியை வாங்கியிருந்தால் இந்த வழி இல்லை.

கணவரின் டேப் யோசனைக்கு ஒரே பதில். அந்த ஒரு விளக்குதான் நூற்றுக்கணக்கான கோளாறுகளுக்கும் பொது. இன்றைக்குப் பி0420-க்கு மூடிவிட்டால், நாளைக்கு இக்னீஷன் காயில் போனாலும் உங்களுக்குத் தெரியாது. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் பதறாமல் ஓட்டிப் போகலாம். விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஸிங் அடிக்கிறது என்று அர்த்தம், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரம் கட்டுங்கள்.

கேள்வி: நான் வாங்கிய பழைய காரின் சீட்டை வாட்டர் சர்வீஸில் கழுவிய பிறகு, சிவப்பு ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை. ஏர்பேக் மாற்ற வேண்டுமா?

- வாசகர், திண்டுக்கல்

பதில்: பெரும்பாலும் வேண்டாம். முன் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற சாக்கெட் இருக்கும். அதில் தண்ணீர் போயிருக்கும், அல்லது சீட்டை முன்னே பின்னே தள்ளியதில் தளர்ந்திருக்கும். மஞ்சள் சாக்கெட் என்றால் ஏர்பேக் சம்பந்தப்பட்டது என்று அர்த்தம், அதனால் நீங்களே கை வைக்காதீர்கள். டெஸ்ட் லேம்ப் வைத்துக் குத்திப் பார்க்கும் எலக்ட்ரீஷியனிடமும் கொடுக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் தொட வேண்டும். விளக்கு எரியும்வரை விபத்தில் ஏர்பேக் விரியும் என்று நம்பாதீர்கள்.

கேள்வி: அடுத்த வாரம் பழைய கார் பார்க்கப் போகிறேன். மெக்கானிக்கைக் கூட்டிப்போக வசதியில்லை. விளக்குகளை வைத்து நானே எதையாவது கண்டுபிடிக்க முடியுமா?

- வாசகர், கரூர்

பதில்: முடியும். காலையில் முதல் ஆளாகப் போங்கள். போனதும் பானெட்மேல் கை வையுங்கள். சுட்டால், நீங்கள் வரும் முன் ஏன் ஸ்டார்ட் செய்தீர்கள் என்று கேளுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ‘ஆன்’ நிலைக்குத் திருப்புங்கள். எஞ்சின், ஆயில், பேட்டரி, ஏபிஎஸ், ஏர்பேக் என்று வண்டியில் உள்ள விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஒவ்வொன்றாக அணைய வேண்டும். அணையாத விளக்கை எல்லாரும் கவனிப்பார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது எரியவே எரியாத விளக்கை, ஏனென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். 2019 ஜூலையில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம் ஆவதற்கு முன் வந்த பல வண்டிகளில் ஏர்பேக்கே இருக்காது, அவற்றில் அந்த விளக்கைத் தேட வேண்டாம். ஸ்டீயரிங் நடுவில் ஏர்பேக் முத்திரை இருந்து, மீட்டரில் விளக்கு எரியவில்லை என்றால் வண்டியை விட்டுவிட்டு வாருங்கள்.

ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் புளூடூத் ஸ்கேனர் கிடைக்கிறது, போனோடு இணைத்துக்கொள்ளலாம். கோடு எதுவும் இல்லை என்று காட்டியதும் சந்தோஷப்பட்டுவிடாமல் கம்ப்யூட்டரின் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ‘ரெடினெஸ்’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். நாலைந்து சோதனைகள் ‘முடியவில்லை’ என்று காட்டினால், அண்மையில் அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். “ஒரு வாரம் ஓட்டுங்கள், மறுபடி வந்து பார்க்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். அப்போது விற்பவரின் முகத்தையும் கொஞ்சம் கவனியுங்கள்.