நாலரை மணி அழைப்பு

அன்புள்ள மேடம்,

நான் கரூர்ப் பெண். வயது 23. முதுகலை படிக்க அக்டோபர் தொடக்கத்தில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு வந்தேன். அப்பா தறி ஓட்டுகிறார். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கித்தான், விசாவுக்குக் காட்ட வேண்டிய 11,904 யூரோவை, மாதாமாதம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடிகிற ‘பிளாக்டு அக்கவுண்டில்’ போட்டோம். மாதம் 992 யூரோ கைக்கு வருகிறது. காபிக் கடை வாசல்வரை போய், ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

முதல் மாதம் முகவரிப் பதிவு, இன்சூரன்ஸ், பேங்க் என்று ஓட்டமாகவே போனது. நவம்பரில்தான் ஆரம்பித்தது. ஒருநாள் ரசத்துக்குக் கடுகு தாளித்தேன். புகை அலாரம் அலற, அறைத் தோழிகள் ஓடி வந்தார்கள். மறுநாள் சமையலறைக் கதவில் ஒரு சீட்டு: ‘சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்கவும்.’ அன்றிலிருந்து யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் அங்கே போகிறேன். பல நாள் பிரெட்டும் வாழைப்பழமும்தான்.

ஊரில் இரவு 9 மணிக்குச் சாப்பாடு முடிந்ததும் அம்மா வீடியோவில் வருவார். இங்கே சாயங்காலம் நாலரை. அதற்குள் இருட்டிவிடுகிறது. முகம் கழுவி, பொட்டு வைத்து, மேசை விளக்கை முகத்துக்குத் திருப்பிக்கொள்வேன். “சாப்ட்டியா கண்ணு?” என்பார். சாப்பிட்டேன், எல்லாம் சூப்பர் என்பேன். போனை வைத்ததும் அழுகை. பிப்ரவரித் தேர்வுக்கு நான்கு பாடங்களில் இரண்டுக்குத்தான் பதிவு செய்திருக்கிறேன். இது வீட்டில் தெரியாது. திரும்பி வந்துவிடலாமா? இங்கே கவுன்சிலிங் இருக்கிறதாம். போனால் விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று பயம்.

- பெயர் வேண்டாம்

அன்பு மகளுக்கு,

விசா பயத்தை முதலில் முடித்துவிடுவோம். டிரெஸ்டனில் மாணவர்களுக்கான ‘ஸ்டுடென்டென்வெர்க்’ அமைப்பில் மனநல ஆலோசனை இலவசம். அங்கே பேசுவது ரகசியம். பல்கலைக்கழகத்துக்கோ விசா அலுவலகத்துக்கோ நீ வந்தாய் என்று யாரும் எழுதி அனுப்ப மாட்டார்கள். இந்த வாரமே நேரம் கேட்டு ஒரு மெயில் போடு. சாப்பாடும் படிப்பும் குலைந்திருக்கும்போது கடிதத்தில் நான் சொல்வது மட்டும் போதாது. வாழ்வே வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் அந்த நேரம் கிடைக்கும்வரைகூடக் காத்திருக்காதே. 0800 1110111 என்ற தொலைபேசி ஆலோசனை எண் ஜெர்மனியில் எந்நேரமும் இலவசம். அவசரத்துக்கு 112.

அடுத்து அந்தச் சீட்டு. ‘கல்ச்சர் ஷாக்’ பற்றி 1960-ல் எழுதிய மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க், பழகிய சமூக அடையாளங்கள் கைவிட்டுப் போவதால் வரும் பதற்றம் என்று அதை விளக்கினார். எப்போது கை குலுக்குவது, எதைச் சிரித்து விடுவது என்பதெல்லாம் தெரியாமல் போவது. கரூரில் கதவில் சீட்டு ஒட்டினால் அது சண்டைக்கு அழைப்பு. ஜெர்மனியில் மாடிப்படியிலும் வாஷிங் மெஷின் மேலும் சீட்டு ஒட்டுவார்கள், ஒட்டியவரே மறுநாள் குட்மார்னிங் சொல்வார். ஜன்னலைத் திற என்றால் ஜன்னலைத் திற என்பதுதான், பெரும்பாலும். நீதான் அதை ‘நீ வேண்டாம்’ என்று படித்துவிட்டாய். ஜன்னலைத் திறந்து வைத்துத் தாளி. ஒரு கிண்ணம் ரசம் அவர்களுக்கும் கொடு. குடிப்பார்களா என்பது வேறு விஷயம்.

முதலில் குதூகலம், பிறகு சரிவு, அப்புறம் தானாகத் தேறிவிடும் என்று சீனியர்கள் சொல்லியிருப்பார்கள். எல்லாருக்கும் அந்த வரிசையில் வருவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அதனால் தானாகச் சரியாகட்டும் என்று அறைக்குள் உட்கார்ந்திருக்காதே.

உன் கடிதத்தில் என்னை உறுத்தியது தனிமைகூட இல்லை, அந்த மேசை விளக்குதான். தினமும் ஒரு நாடகம் போடுகிறாய், ஒத்திகையோடு. களைப்பாக இருக்காதா? அந்த நேரத்தையும் பார். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். அதுவரை ஊரின் 9 மணி உனக்கு ஐந்தரை, வெளிச்சம் இருந்திருக்கும். இப்போது அதே அழைப்பு நாலரைக்கு, இருட்டும்போது வருகிறது. அம்மா நேரத்தை மாற்றவில்லை, உன் பொழுது மாறிவிட்டது. அழைப்புக்காக நாலு மணிக்கே அறைக்குத் திரும்பி, மிச்ச மாலையையும் அங்கேயே கழிக்கிறாய் என்று நினைக்கிறேன்.

பகல் 12 மணிக்கு மாற்றிப் பார். ஊரில் அப்போது நாலரை, டீ நேரம். கோட்டு போட்டுக்கொண்டு எல்பே ஆற்றங்கரைக்குப் போ, நடந்துகொண்டே பேசு. கொஞ்சம் வெயிலும் படும். வாரம் மூன்று முறை போதும். மற்ற மாலைகளில் நூலகமோ ஜெர்மன் வகுப்போ, மனிதர்கள் இருக்கும் இடமாகப் பார்த்துப் போ.

தேர்வுக்குப் பதிவு செய்யாமல் விட்டதும் தோற்றதும் ஒன்றல்ல. துறையின் மாணவர் ஆலோசகரைப் பார்த்து, அந்த இரண்டு பாடங்களுக்கும் இன்னும் வழி இருக்கிறதா, எப்போது எழுதலாம் என்று கேள். திரும்பி வருவதைப் பற்றி பிப்ரவரிக்குப் பிறகு பேசுவோம். வந்தாலும் அது குற்றமில்லை, ஆனால் இருட்டில் அழுதுகொண்டே எடுக்கிற முடிவாக அது இருக்க வேண்டாம்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. கடன் பேச்சு, தேர்வுப் பேச்சு பிறகு வரட்டும். முதலில் அந்த அலாரக் கதையைச் சொல். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர், ஒரு தாளிப்புக்கா இவ்வளவு அலறல் என்று கேட்பார்.

அன்புடன்,
ஆலோசகர்