கிணற்று நீரில் நைட்ரேட் இருக்கும்போது, உணவின் வழியே போதுமான அயோடினைப் பெறுவது எப்படி?

நீர் ஆய்வறிக்கையைப் பார்த்துப் பயந்து, அயோடின் சொட்டு மருந்து வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரம் பக்கத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்தவள் நான். முதலில் அடுக்களையிலுள்ள உப்பைப் பாருங்கள் என்பேன்.

நைட்ரேட்டும், பட்டாசில் சேரும் பெர்குளோரேட்டும், தைராய்டு சுரப்பி அயோடினை உள்ளிழுப்பதைத் தடுக்கக்கூடியவை. அயோடின் ஏற்கெனவே குறைந்திருப்பவர்களையே இவை அதிகம் பாதிக்கும். கொதிக்க வைத்தால் இவை போகா, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும், ஆர்.ஓ. கருவி குறைக்கும். நம் மரச்சீனியிலுள்ள (மரவள்ளிக்கிழங்கு) நச்சுப்பொருளும் உடலில் தயோசயனேட்டாக மாறி இதே வேலையைச் செய்கிறது. கிழங்கை விடச் சொல்லவில்லை. நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் நச்சு வெகுவாகக் குறையும்.

என் அம்மாவுக்குத் தைராய்டு வீங்கிக் கழுத்தில் கழலை கண்டபோது, மீன் தின்கிற ஊரில் அயோடின் எப்படிக் குறையும் என்று சொல்லி, உறவினர் எல்லாரும் கிணற்றையே குறை கூறினார்கள். சாளையும் நெத்தோலியும் அம்மா தின்றது உண்மைதான், ஆனால் மலையடிவாரத்தில் அது தினமும் கிடைப்பதில்லை. வீட்டிலிருந்த கல்லுப்பின்மேல், உப்பைச் சோதிக்க எங்களுக்குத் தந்திருந்த, அயோடின் இருந்தால் நீலமாகும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டேன். உப்பு வெள்ளையாகவே இருந்தது. பொட்டல உப்பில் விட்டதும் கருநீலம் பரவியது. கழலைக்கு அது ஒன்றே காரணம் என்று நான் வாதிட வரவில்லை, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கடல்நீர் வற்றிப் படியும் உப்பில் அயோடின் மிகச் சொற்பமே. நம் மாவட்டப் புத்தளத்து உப்பளத்து உப்பானாலும், அயோடின் தரும் பொட்டாசியம் அயோடேட் சேர்த்தால்தான் பயன். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்பதற்கு 2006 முதல் நாடு முழுவதும் தடை இருந்தும், அதையே ‘இயற்கை உப்பு’ என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறாத கோபம்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கர்ப்பிணிகளுக்கு 250 வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடையில் விற்கும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் குறைந்த அளவில் பார்த்தாலும் 5 கிராம் உப்பில் 75 மைக்ரோகிராம் வந்துவிடும். மீதிக்குக் கடல்மீன், முட்டை, பால், தயிர் இருக்கின்றன. அதற்காக உப்பைக் கூட்டிவிடாதீர்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் உப்பு நீர்த்தால் அயோடினும் குறையும் என்பதால், இறுக மூடி, அடுப்புக்குத் தள்ளி வைத்து, கறியை இறக்கும்போது சேருங்கள்.

அளவுக்கு மிஞ்சிய அயோடினும் தைராய்டைக் கெடுக்கும். ஆகவே சொட்டு மருந்தையோ கடற்பாசி மாத்திரையையோ மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால், நீர் ஆய்வறிக்கையையும் கையோடு கொண்டுபோய் அவரிடம் காட்டுங்கள்.