நூற்றாண்டு மலருக்கு முன் சேர்க்கைப் பதிவேடு

வணக்கம். எங்கள் பங்கின் (ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள கத்தோலிக்கக் கோயில் வட்டாரத்தின்) ஆர்.சி. தொடக்கப் பள்ளிக்கு நூற்றாண்டு மலர் கொண்டுவருகிறோம். வரலாறு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம். கட்டடக் கல்லில் ஒரு வருடம் இருக்கிறது. அங்கீகார ஆணை அதற்குச் சில வருடம் பிந்தியது. பெரியவர்களோ இரண்டுக்கும் முன்பே பள்ளி நடந்தது என்கிறார்கள். எந்த ஆண்டை வைப்பது? எங்கே தேடுவது? தாளாளர்களாக இருந்த சாமியார்களின் பட்டியல் மட்டும் கையில் இருக்கிறது.
(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றுமே சரியாக இருக்கலாம். முதலில் உபதேசியார் கோயில் திண்ணையிலோ ஓலைக் கொட்டகையிலோ பிள்ளைகளை உட்காரவைத்து ஜெபமும் ஞானோபதேசமும் சொல்லிக்கொடுத்திருப்பார். கூடவே அரிச்சுவடியும் வாய்ப்பாடும். பிறகு சாமியார் ஓர் ஆசிரியரை அமர்த்திப் பதிவேடு வைப்பார். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, அங்கீகாரம் கிடைத்து, மானியம் வருவது கடைசியில்தான். 1920ஆம் ஆண்டின் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம் அங்கீகாரத்துக்கும் மானியத்துக்கும் விதி வகுத்தது. ஆகவே அதற்குப் பிந்திய ஆணை ஒன்று கையில் இருப்பதாலேயே பள்ளி அந்த வருடம் பிறந்தது என்று ஆகிவிடாது. கல்லில் இருப்பது பெரும்பாலும் சாமியார் ஜெபித்துக் கட்டடத்தை மந்திரித்த வருடம். எல்லா ஆண்டுகளையும் அததற்கான ஆவணத்தோடு மலரில் போடுங்கள். தொடக்கமாக ஒன்றைத்தான் சொல்லியாக வேண்டும் என்றால், சேர்க்கைப் பதிவேட்டில் முதல் பிள்ளையின் பெயர் ஏறிய தேதியை வையுங்கள்.

தேடும் இடம் மறைமாவட்ட எல்லையை, அதாவது ஓர் ஆயரின் (பிஷப்பின்) ஆளுகைப் பகுதியைப் பொறுத்தது. உங்கள் பகுதி 1987 முதல் சிவகங்கை மறைமாவட்டம்; 1938 முதல் அதுவரை மதுரை; அதற்கு முன் திருச்சி. பழைய கடிதங்கள் மூன்று ஆயர் இல்லங்களிலும் சிதறிக் கிடக்கும். இயேசு சபையார் நடத்திய பங்கு என்றால் கொடைக்கானல் அருகே செண்பகனூரில் உள்ள அவர்களது ஆவணக் காப்பகத்தையும் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தில் சில பங்குகள் போர்ச்சுகல் அரசின் பதுரவாதோ உரிமைக்கு (ஆயர்களை நியமிப்பதில் போப் அந்த அரசுக்குத் தந்திருந்த உரிமைக்கு) உட்பட்டு மயிலாப்பூர் ஆயரிடம் இருந்தன. போப்புக்கும் போர்ச்சுகலுக்கும் இடையிலான 1928 உடன்படிக்கைக்குப் பிறகே அவை கைமாறின. உங்களுடையது அப்படிப்பட்டதா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் திருச்சியில் தேடித் தேடி ஏமாந்து திரும்ப வேண்டியிருக்கும். அரசுப் பக்கம் எழும்பூர் ஆவணக் காப்பகம். ராமநாதபுரம் ஜில்லா உருவானது 1910இல் என்பதால் அதற்கு முந்திய தாள்கள் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பெயரில் இருக்கும்.

இவ்வளவு அலைச்சலுக்கு முன் பள்ளி பீரோவைத் திறங்கள். தாளாளர் பட்டியலை வைத்து எழுதிய பள்ளி வரலாறுகள் எல்லாம் சாமியார்கள் மாற்றலாகி வந்துபோன கதையாகவே முடிகின்றன. அங்கே படித்தவர்கள் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறார்கள், கற்பித்தவர்கள் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு வருடம் என்று எடுத்துக்கொண்டு ஆண், பெண், தகப்பனார் தொழில், எந்தக் குடியிருப்பு, எந்த வகுப்பில் நின்றார் என்று எண்ணுங்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்தை முடித்தார்கள் என்ற ஒரு கணக்கு பத்துப் பக்க வாழ்த்துரைகளைவிட அதிகம் பேசும். பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை திடீரென்று கூடினால், அந்த வருடம் கன்னியர் மடம் வந்ததா என்று மடத்தின் இல்லக் குறிப்பேட்டில் பாருங்கள். 1953-54 வருகைப் பதிவேடு கிடைத்தால் தனியே எடுத்து வையுங்கள். ராஜாஜியின் அரைநாள் பள்ளித் திட்டம் நடந்த வருடம் அது. இன்ஸ்பெக்டர்கள் எழுதிப்போன பார்வையாளர் புத்தகத்தில் கூரை ஒழுகியது, கரும்பலகை இல்லாதது எல்லாம் தேதியோடு இருக்கும்.

பிறந்த தேதியை மட்டும் பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுக்காதீர்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக மே, ஜூன் தேதிகளை ஆசிரியரே போட்டுவிடுவது எங்கும் நடந்தது. அதே பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவைப் பாருங்கள். பிறந்த சில நாட்களிலேயே தீர்த்தம் கொடுத்துவிடுவார்கள் என்பதால் அந்தத் தேதி நம்பத்தக்கது. பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கும்; அந்தோணி அங்கே அந்தோனியுஸ், சவேரியார் க்ஸாவேரியுஸ்.

இரண்டு பதிவேடுகளையும் ஒப்பிடும்போது இன்னொன்று கண்ணில் படலாம். கோயில் பதிவில் கிறிஸ்தவப் பெயர் உள்ள பிள்ளை பள்ளிப் பதிவில் இந்துப் பெயரோடு, இந்து ஆதிதிராவிடர் என்று இருக்கும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிச் சலுகையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. சீக்கியர்கள் 1956இலும் பௌத்தர்கள் 1990இலும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களுக்கு இன்றுவரை இல்லை. ஸ்காலர்ஷிப்புக்காகப் பெற்றோர் எடுத்த அந்த முடிவு உங்கள் பள்ளி வரலாற்றின் மிக முக்கியமான பகுதி. மூடி மறைக்காமல் எழுதுங்கள், எண்ணிக்கையாக எழுதுங்கள். ஒரு பெயரைக்கூட அச்சிடாதீர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தச் சான்றிதழை வைத்து வேலையில் இருக்கலாம்.

பதிவேடுகளைப் பங்கு இல்லத்திலிருந்து வெளியே எடுத்துப் போகாதீர்கள். பங்குச் சாமியாரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் அட்டையில் தொடங்கி வெற்றுப் பக்கம் உட்படப் படம் எடுங்கள். பழைய மை காகிதத்தை அரித்திருக்கும். பக்கத்தை முழுக்க மடித்துத் திறந்தால் எழுத்தின் ஓரமாகவே கிழியும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டுவது, லேமினேட் செய்வது இரண்டும் கூடாது. பசை சில வருடங்களில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்து உரித்துவிடும். அன்றன்று எடுத்த படங்களை இரண்டு இடத்தில் சேமித்துவிட்டு, ஒரு பிரதியை ஆர்.சி. பள்ளிகளின் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் பள்ளியின் பழைய அங்கீகார ஆணைக்கும் மானியக் கடிதங்களுக்கும் நகல் அங்கேயே இருக்க வாய்ப்புண்டு, போகிறபோது கேட்டுப் பாருங்கள்.