சிவப்பைப் பச்சையாக்கியது யார்? நிறுவனங்களின் சைபர் பாதுகாப்பு மேற்பார்வை குறித்த கேள்வி பதில்

வணக்கம். தகவல் அமைப்புத் தணிக்கையில் 19 வருடங்களாக இருக்கிறேன். வங்கிகள், நிதி நிறுவனங்கள், சில தொழிற்சாலைகள் என்று சுற்றியிருக்கிறேன். ஹேக்கிங் கற்றுத் தரச் சொல்லாதீர்கள், அதற்கு நான் ஆள் இல்லை. ஒரு கம்பெனியில் சைபர் ஆபத்தை யார் பார்க்கிறார், யாரிடம் சொல்கிறார், கடைசியில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்று பார்ப்பதுதான் என் வேலை. அதைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

கேள்வி (பட்டியலிட்ட நிறுவனம் ஒன்றில் செயலர் துறைக்குப் புதியவர்): சைபர் பாதுகாப்பு ஐடி துறையின் வேலைதானே சார்? இயக்குநர் குழு வரை ஏன் கொண்டுபோகிறார்கள்?

செய்வது ஐடி துறை. ஒழுங்காகச் செய்கிறார்களா என்று கேட்க வேண்டியது இயக்குநர் குழு. சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் இருக்கும் பட்டியலிட்ட நிறுவனங்கள் இடர் மேலாண்மைக் குழு வைத்தே ஆக வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி. அந்தக் குழு பார்க்க வேண்டிய ஆபத்துகளில் சைபர் பாதுகாப்பு பெயர் சொல்லியே இருக்கிறது. வருடத்துக்குக் குறைந்தது 2 கூட்டம். இது போக, காலாண்டுக்கு ஒரு முறை பங்குச் சந்தைக்கு அனுப்பும் நிறுவன ஆளுகை அறிக்கையோடு சைபர் சம்பவங்களையும் தரவு இழப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைத் தொகுக்கும் வேலை அநேகமாக உங்கள் மேசைக்குத்தான் வரும். இப்போதே ஐடி துறையில் ஒருவரைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தலைமைத் தகவல் பாதுகாப்பு அலுவலர்): நான் ஐடி தலைவருக்குக் கீழே வேலை செய்கிறேன். என் அறிக்கை அவர் வழியாகத்தான் மேலே போகிறது. போய்ச் சேரும்போது ஆபத்தைக் காட்டும் சிவப்பெல்லாம் மஞ்சளாகவும், மஞ்சளெல்லாம் பச்சையாகவும் ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

இன்றைக்கு வந்த கேள்விகளில் இதுதான் முக்கியமானது. கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஐடி தலைவர் கெட்டவர் இல்லை. சர்வர் நிற்காமல் ஓடியதா, புதிய மென்பொருள் சொன்ன தேதியில் வந்ததா என்று பார்த்துத்தான் அவருக்கு மதிப்பெண் போடுகிறார்கள். பேட்ச், அதாவது மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தம், போட வேண்டுமென்றால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். ‘நிறுத்து’ என்று நீங்கள் சொல்ல வேண்டும், ‘நிறுத்தாதே’ என்பது அவருடைய வேலை. இந்த இரண்டையும் ஒரே ஆள் முடிவு செய்தால் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. நான் தணிக்கை செய்த ஒரு நிறுவனத்தில் 8 காலாண்டுகளாக ஒரு கட்டம்கூடச் சிவப்பாக இல்லை. இந்த வண்ணத்தை யார் போடுகிறார் என்று கேட்டேன். போட்டது ஐடி தலைவரேதான். மாணவனே விடைத்தாளைத் திருத்துகிற கதை.

ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் வெளியிட்ட ஐடி ஆளுகை வழிகாட்டு ஆணையில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. சிஐஎஸ்ஓ, அதாவது உங்களைப் போன்ற தலைமைத் தகவல் பாதுகாப்பு அலுவலர், ஐடி தலைவரின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்கக் கூடாது, அவருக்கு வணிக இலக்கு தரக் கூடாது. அதோடு, சைபர் ஆபத்து பற்றிய ஆய்வு காலாண்டுக்கு ஒரு முறையாவது இயக்குநர் குழுவுக்கோ அதன் துணைக் குழுவுக்கோ போக வேண்டும். வங்கிகளுக்கும் பெரிய நிதி நிறுவனங்களுக்கும் போட்ட ஆணை இது, உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ‘வங்கிகளில் இப்படி’ என்று எடுத்துக் காட்டினால் நிர்வாகம் காது கொடுக்கும்.

ஆனால் யாருக்குக் கீழே யார் என்பதை மாற்றிப் போட்டாலே நோய் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் மக்களின் கடன் விவரங்களைத் தொகுக்கும் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தில் பாதுகாப்புத் தலைவர் ஐடிக்குக் கீழே இல்லை, சட்டத் துறைத் தலைவரின் கீழ் இருந்தார். 2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் ஓட்டை இருப்பது தெரியவந்தது. 48 மணி நேரத்தில் பேட்ச் போடச் சொல்லி உள்ளே சுமார் 400 பேருக்கு மின்னஞ்சல் போனது. புகார்களைப் பதிவு செய்யும் ஒரு பழைய தளத்தில் மட்டும் யாரும் போடவில்லை. போட்டார்களா என்று கேட்கவும் ஆள் இல்லை. மே மாதத்தில் அந்த வழியாக உள்ளே வந்தவர்கள் 76 நாள் இருந்தார்கள். நெட்வொர்க்கில் தரவுப் போக்குவரத்தைக் கண்காணிக்க வேண்டிய கருவியின் டிஜிட்டல் சான்றிதழ் 19 மாதங்களாகக் காலாவதியாகிக் கிடந்தது. ஜூலை கடைசியில் அதைப் புதுப்பித்ததுமே சந்தேகப் போக்குவரத்து கண்ணில் பட்டுவிட்டது. அதற்குள் சுமார் 14.7 கோடி பேரின் விவரம் போய்விட்டது. பாதுகாப்புத் துறை ஒரு பக்கம், ஐடி ஒரு பக்கம், நடுவில் ‘முடிந்ததா?’ என்று கேட்க ஒரு மேசை இல்லை.

அதனால் நீங்கள் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, இடர் மேலாண்மைக் குழுவில் இருக்கும் சுயேச்சை இயக்குநரோடு காலாண்டுக்கு 15 நிமிடம், ஐடி தலைவர் அறையில் இல்லாமல். இது குழுவின் விதிமுறையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் கோள் சொல்லப் போனதாகப் பேச்சு வரும். இன்னொன்று, நிலுவையில் உள்ள ஓட்டைகளை நீங்களும் ஐடி தலைவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் மாதக் கூட்டம்.

கேள்வி (சுயேச்சை இயக்குநர், வணிகவியல் படித்தவர்): எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. கூட்டத்தில் என்ன கேட்பது?

ஃபயர்வால் எந்த கம்பெனி என்று மட்டும் கேட்காதீர்கள் சார். அதற்கு அழகான பதில் தயாராக இருக்கும். நம்மிடம் எது போனால் கடை மூடும், அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பேக்கப் எடுக்கிறோமா என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள், எத்தனை மணி நேரம் ஆனது என்று கேளுங்கள். அறை கொஞ்சம் அமைதியாகும்.

அப்புறம், விதிவிலக்குப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சரிசெய்யாமல் ‘தெரிந்தே விட்டு வைத்த’ ஆபத்துகள் அதில் இருக்கும். நான் பார்த்த ஒன்றில், 2020 ஜனவரியிலேயே ஆதரவு நின்றுபோன விண்டோஸ் சர்வர் 2008 ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் ஒரு சிஸ்டம் அட்மின். அவர் வேலையை விட்டுப் போய் 2 வருடம் ஆகியிருந்தது. பல கோடி ரூபாய் ஆபத்துக்கு அவர் யார் கையெழுத்துப் போட? அந்தத் தொழில்பிரிவின் தலைவர் போட வேண்டும், அதுவும் காலக்கெடுவோடு.

கேள்வி: இதெல்லாம் வெறும் காகித வேலைதானே? தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழைச் சுவரில் மாட்டியவர்களும்தான் மாட்டுகிறார்கள்.

பாதி உண்மை. தணிக்கைக்கு முந்தின வாரம் உட்கார்ந்து தயாரிக்கும் கொள்கை ஆவணங்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன், தேதி மட்டும்தான் புதிதாக இருக்கும். ஆனால் அலுப்பான வேலைதான் சில சமயம் காப்பாற்றுகிறது. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில், வெளிநாட்டு வங்கிகளுக்குப் பணம் அனுப்பச் சொல்லும் ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக 3 மோசடிப் பரிமாற்றங்கள் போயின, சுமார் 20 லட்சம் டாலர். அதைக் கண்டுபிடித்தது மறுநாள் வழக்கமான கணக்குச் சரிபார்ப்பில்தான்.  

கேள்வி: எங்கள் சர்வர் எல்லாம் வெளி நிறுவனத்திடம். அப்படியானால் பொறுப்பும் அவர்களுடையதா?

வேலையைக் கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது. 2024 ஜூலையில் சிறு வங்கிகளுக்குச் சேவை தரும் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் ரான்சம்வேரில் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) மாட்டியபோது, அந்த நிறுவனத்தின் இணைப்பைத் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் தற்காலிகமாகத் துண்டித்தது. சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் பாதிக்கப்பட்டது. வாடிக்கையாளர் போய் நின்றது தன் வங்கிக் கிளையில்தான். ஒப்பந்தத்தில் தணிக்கை உரிமையும், சம்பவம் நடந்தால் எத்தனை மணி நேரத்தில் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதும் இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி (திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதி): 60 பேர் வேலை செய்யும் கம்பெனி அண்ணா. எங்களுக்கு ஏது போர்டு, ஏது கமிட்டி?

போர்டு நீங்கள்தான் தம்பி. உங்கள் தொழிலில் முதல் ஆபத்து, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று வரும் மின்னஞ்சல். கணக்கு எண் மாறினால் பழைய தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது, முதலாளியே சொன்னாலும் கூடாது என்று கணக்காளருக்கு எழுதிக் கொடுங்கள். அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பணம் போய்விட்டது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் முடக்கிப் பிடிக்க வாய்ப்பு.

கேள்வி: சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் அவசர அமைப்பான செர்ட்-இன் சொல்வது நடைமுறையில் முடிகிற காரியமா?

2022 ஏப்ரல் 28 ஆணை அது. அந்த 6 மணி நேரம் தாக்குதல் நடந்த நேரத்திலிருந்து ஓடாது, நீங்கள் கவனித்த நேரத்திலிருந்து ஓடும். முழு விசாரணையும் முடிந்திருக்க வேண்டியதில்லை, தெரிந்ததை முதலில் அனுப்பலாம். 180 நாள் கணினிப் பதிவுகளையும் (லாக்) வைத்திருக்க வேண்டும். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் போதிய பாதுகாப்பு இல்லை என்பதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நேரம் போவது படிவம் நிரப்புவதில் இல்லை. ஞாயிறு இரவு 2 மணிக்கு சர்வரை அணைக்கலாமா என்று யாரைக் கேட்பது எனத் தெரியாமல்தான் போகிறது. அந்த அதிகாரம் யாருக்கு, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாருக்கு என்று முன்கூட்டியே இயக்குநர் குழு தீர்மானித்திருக்க வேண்டும். அந்தத் தொலைபேசி எண்களைக் காகிதத்தில் அச்சிட்டு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொழிற்சாலையில் எண்கள் எல்லாம் தாக்குதலில் பூட்டப்பட்ட அதே சர்வரில்தான் இருந்தன. வாயிற்காவலரின் நோட்டுப் புத்தகத்திலிருந்துதான் பொது மேலாளரின் எண்ணைத் தேடி எடுத்தார்கள்.