ஊசிக்கும் ஊசிக்கும் நடுவில்: கீமோ பற்றிய வாசகர் கேள்விகள்

புற்றுநோய்க்கான கீமோ மருந்து ஏறுவது சேலத்திலோ பெங்களூரிலோ. அதன் தொந்தரவுகள் தெரிவதோ மூன்று நாள் கழித்து, பாலக்கோட்டிலோ அரூரிலோ இருக்கும் வீட்டில். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் அப்படி வீட்டிலிருந்து எழுதியவைதான்.

அப்பாவுக்குக் கீமோ போட்டு ஒன்பது நாள். நேற்று ராத்திரி 101 டிகிரி காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்ததும் இறங்கிவிட்டது. விடிந்ததும் முதல் பஸ்ஸில் போனால் போதும்தானே? (பென்னாகரம்)

போதாது. உங்களுக்கு உடனே போனில் சொல்லியாயிற்று. மற்றவர்களுக்காகவும் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பெரும்பாலான கீமோ மருந்துகளில் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துபோகும். கிருமியை எதிர்க்க உடம்பில் ஆள் இல்லாத நேரம் அது. அப்போது சீழ் வராது, வீக்கம் தெரியாது. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். பாராசிட்டமால் அந்த அடையாளத்தை மறைக்குமே தவிர, கிருமியை ஒன்றும் செய்யாது. சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அதனால் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். 100.4 டிகிரியைத் தொட்டாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, ராத்திரி இரண்டு மணியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கீமோ போட்ட இடத்துக்கே போக வேண்டும் என்று தொப்பூர் கணவாயைத் தாண்ட நினைக்க வேண்டாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல, பக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனை போதும். உள்ளே நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டியது: "கீமோ போட்டு ஒன்பது நாள் ஆகுது, காய்ச்சல்." வெறும் "காய்ச்சல்" என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டிய நிலைமை இது. கீமோ ஃபைலைப் பீரோவில் பூட்டாமல் கதவுப் பக்கம் ஒரு பையில் மாட்டி வையுங்கள்.

அம்மாவுக்கு வாயெல்லாம் புண். ராகிக் களியும் கூழும்தான் அவருக்குச் சாப்பாடு. சொந்தக்காரர்கள் இரண்டும் கூடாது என்கிறார்கள். (பாலக்கோடு)

களி தாராளமாகக் கொடுங்கள். மெல்லாமல் விழுங்குகிற சாப்பாடு, வாய்ப்புண்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அன்றன்றைக்குக் கிளறி, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, மிளகாய் போடாத பருப்போடு கொடுங்கள். புளிக்குழம்பு இப்போதைக்கு எரியும்.

கூழ் விஷயம் வேறு. ராத்திரி கரைத்து வைத்துப் புளித்த கூழும் பழைய சோறும், அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் வேண்டாம். அன்றே காய்ச்சிய கூழ் என்றால் சரி. கடித்துக்கொள்ளப் பச்சை வெங்காயம் கேட்பார், அதையும் தள்ளிப்போடுங்கள். மாம்பழம் கேட்டால் நன்றாகக் கழுவி, தோல் சீவி, உடனே சாப்பிடக் கொடுங்கள். அறுத்து வைத்து விற்பதை வாங்காதீர்கள்.

புண்ணுக்கு: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பச் சோடா. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளித்துத் துப்பட்டும். தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப்போய்விடுங்கள்.

குடல் புற்றுநோய்க்கு ஆக்ஸாலிபிளாட்டின் போடுகிறார்கள். காலையில் குழாயைத் திறந்தால் விரலில் கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது. (ஓசூர்)

அந்த மருந்தின் குணமே அது. குளிர்ச்சி பட்டால் நரம்பு சுரீர் என்னும். தொண்டை அடைப்பது போலவும் தோன்றும். ஓசூரின் மார்கழிக் காலையில் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு ஊசிக்கும் பிறகு சில நாள் வெந்நீரையே புழங்குங்கள், ஃபிரிட்ஜில் கை விடாதீர்கள், வெளியே போகும்போது கையுறையும் மஃப்ளரும் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஊசி வரைக்கும் மரத்துப்போனது விடவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, காலில் செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அளவைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்துவார்கள். "கீமோவை நிறுத்திவிடுவார்களோ" என்று பயந்து மறைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மரப்பு பிறகு வருடக்கணக்கில் நிற்கலாம்.

அணுக்கள் ஏறப் பப்பாளி இலைச்சாறு, சீந்தில் கஷாயம் குடிக்கலாமா? (ஊத்தங்கரை)

வேண்டாம். கீமோ மருந்துகள் பலவற்றைக் கல்லீரல்தான் கையாள்கிறது. சீந்திலால் கல்லீரல் கெட்டவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. ஏற்கெனவே குடித்திருந்தால் டாக்டரிடம் ஒளிக்காதீர்கள், திட்டினால் திட்டட்டும்.

முடி கொத்தாக வருகிறது. தீர்த்தமலையில் மொட்டை போட்டுவிடலாம் என்கிறார் மாமியார். (அரூர்)

போடலாம். ஆனால் சவரக்கத்தி வேண்டாம், கீறினால் கிருமி நுழையும். மெஷினில் ஒட்ட வெட்டச் சொல்லுங்கள். கூட்டமில்லாத நாளாகப் பார்த்து, அடுத்த ஊசிக்கு இரண்டு மூன்று நாள் முன்பு போங்கள். அணுக்கள் பெரும்பாலும் தேறியிருக்கும். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் முடி திரும்ப வரும், முதலில் சுருட்டையாகக்கூட.

பேத்தி என் பக்கத்தில்தான் படுப்பாள். அவளுக்கு ஒட்டிக்கொள்ளுமா? (காவேரிப்பட்டினம்)

ஒட்டாது, படுக்கட்டும். ஊசி போட்ட முதல் இரண்டு நாள் மட்டும் உங்கள் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து கலந்திருக்கும். கழிவறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுங்கள். அழுக்கான துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள். பேத்திக்குச் சளி பிடித்திருந்தால் மட்டும், சரியாகும் வரை அவள் அம்மாவோடு படுக்கட்டும்.