ஈசிஜி நார்மல் என்றால் ஹோல்டர் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது), அப்லேஷன் (இதயத்துக்குள் குழாய் விட்டு சூடு வைப்பது) செய்யலாம் என்கிறார்கள். போன வாரம் எடுத்த ஈசிஜி நார்மல். இப்போது 48 மணி நேர ஹோல்டர் (உடம்பில் மாட்டிக்கொண்டு துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் கருவி), வாய் வழியாக எக்கோ (இதய ஸ்கேன்) என்று எழுதித் தந்திருக்கிறார்கள். அவசியம்தானா?

பதில்: ஈசிஜி ஓடுவது சுமார் 10 விநாடி. உங்கள் அப்பாவுக்கு வந்து வந்து போகிற வகை என்றால், அந்த 10 விநாடியில் இதயம் சமர்த்தாகத்தான் துடித்திருக்கும். அதனால்தான் ஹோல்டர்.

ஹோல்டர் மாட்டியதும் பலர் ரெஸ்ட் எடுக்கிறேன் என்று கட்டிலில் சாய்ந்துவிடுகிறார்கள், அப்புறம் அதில் என்ன பதிவாகும்? வழக்கம்போல மாடி ஏறட்டும், கடைக்குப் போகட்டும். படபடப்பு வந்தால் மணி என்ன, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று உடனே எழுதி வைக்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் மெஷினைவிட அந்தச் சீட்டுதான் முக்கியம். படபடப்பு என்று எழுதிய அதே நேரத்தில் துடிப்பு நார்மலாக இருந்தால் அந்தத் தொந்தரவுக்குக் காரணம் வேறு, அப்லேஷன் செய்தாலும் அது தீராது. சிலருக்கு ஃபிப்ரிலேஷன் நிற்கிற சமயம் இதயம் சில விநாடி துடிக்காமல் நின்று பிறகு தொடங்கும், தலைசுற்றல் அதனால் வரலாம். பதிவானது ஃப்ளட்டராக (மேலறைகள் வேகமாக, ஆனால் ஓர் ஒழுங்கோடு துடிக்கும் வகை) இருந்தால் சூடு வைக்கும் இடமே பெரும்பாலும் மாறும்: ஃபிப்ரிலேஷனுக்கு இடது மேலறையில் நுரையீரல் சிரைகள் வந்து சேரும் வாயைச் சுற்றி, வழக்கமான ஃப்ளட்டருக்கு வலது மேலறையில்.

வாய் வழி எக்கோ வேறு விஷயம். இடது மேலறையின் ஓரத்தில் சின்னப் பை மாதிரி ஒரு பகுதி உண்டு, ரத்தம் தேங்கி உறைவது பெரும்பாலும் அங்கேதான். ரத்தக்கட்டி இருப்பது தெரியாமல் உள்ளே குழாயை விட்டால் அது பெயர்ந்து மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம். உணவுக்குழாய் அந்த அறைக்கு நேர் பின்னால் இருப்பதால் அங்கிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். சில இடங்களில் இதற்கு சிடி எடுப்பார்கள். ஆபரேஷன்தானே என்று ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தைராய்டு பார்த்தாயிற்றா? அது கூடுதலாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

படபடப்பு இருந்தபோது எடுத்த பழைய ஈசிஜி வீட்டில் இருந்தால் தேடி எடுத்துப் போய்க் காட்டுங்கள், அதில் தெளிவாகப் பதிவாகியிருந்தால் ஹோல்டர் இன்னும் வேண்டுமா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம்.