வயசான நட்சத்திரத்தை வைத்துப் புது டீம் கட்டலாமா?

மாட்டுங்காவில் ஞாயிறு காலை சேர்ந்து ஆடும் நம் கூட்டத்தில் பாதிப் பேர் என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீகின் பைத்தியம். அந்த லீகின் நட்சத்திரம் டேமியன் லில்லார்ட் அக்கிலிஸ் என்கிற குதிகால் தசைநாண் அறுந்து கிடந்தார். 2025 ஜூலையில், 35 வயசு ஆளென்றும் பார்க்காமல், அவருடைய பழைய டீம் போர்ட்லேண்ட் அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டது. அன்று ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. எழுதிக் கொடுத்தால் பதில் சொல்கிறேன் என்றேன். அவரவர் ஏரியாப் பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

செம்பூர்: லில்லார்டை எடுத்தது சரியா தப்பா? ஒரே வார்த்தையில சொல்லுங்கண்ணா.

சரி. ஆனால் ஒரே வார்த்தையோடு விட மனசு வரவில்லை. மூன்று வருஷத்துக்கு 42 மில்லியன் டாலர், அதாவது வருஷத்துக்கு 14. அந்த சீசனில் ஒரு டீமின் சம்பள வரம்பு சுமார் 154.6 மில்லியன். பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பத்து வருஷம் ஆடிய நட்சத்திரம் வரம்பில் 35 சதவீதம் வரை கேட்கலாம் என்பது விதி. இடையில் ஆடிய மில்வாக்கி டீம் அவரை விடுவித்தபோது, பாக்கியிருந்த பெரிய சம்பளத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, பல வருஷத்துக்குப் பரப்பிக் கட்டுகிறது.

இன்னொன்று, 2023-ல் அவரை மில்வாக்கிக்குக் கொடுத்தபோது போர்ட்லேண்டுக்கு வந்தவர்களில் ஒருவர் டூமானி கமாரா. யாரும் பெரிசாகக் கண்டுகொள்ளாத பையன், இரண்டே வருஷத்தில், லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களுக்கான ஆல்-டிஃபன்ஸ் இரண்டாவது அணிக்குப் போய்விட்டான். கொடுத்தபோதும் லாபம், திரும்ப எடுத்தபோதும் சல்லிசு. எனக்குப் பிடிக்காத ஒன்று, அவர் சம்மதம் இல்லாமல் வேறு டீமுக்கு மாற்ற முடியாது என்ற ஷரத்து. நானாக இருந்தால் அதைக் கொடுத்திருக்க மாட்டேன்.

முலுண்ட்: கோபி பிரையண்டுக்கு லேக்கர்ஸ் காட்டினதும் இதே விசுவாசம்தானே? அதை மட்டும் ஏன் திட்டறீங்க?

தொகையைப் பாருங்கள். 2013 ஏப்ரலில் கோபிக்கும் இதே அக்கிலிஸ் அறுந்தது. அவர் திரும்பக் களத்தில் இறங்குவதற்கு முன்பே, நவம்பரில், இரண்டு வருஷத்துக்கு 48.5 மில்லியன் எழுதிக் கொடுத்தார்கள். டிசம்பரில் வந்தார், ஆறு மேட்ச் ஆடினார், முழங்கால் போயிற்று. அடுத்த சீசனில் 35 மேட்ச். சீசனுக்கு 82 மேட்சில் லேக்கர்ஸின் வெற்றிகள் 27, பிறகு 21, பிறகு 17.

பணம்கூடப் போகட்டும். டிராஃப்டில், அதாவது தோற்ற டீம்களுக்கு முன்னுரிமை தரும் புதுமுகத் தேர்வில், 2015-ல் இரண்டாவது இடத்தில் எடுத்த டி'ஆஞ்சலோ ரஸ்ஸல் என்ற 19 வயசுப் பையன் பக்கத்தில் நிற்கிறான். கோபி மேட்சுக்கு 17 தடவை கூடைக்குப் போடுகிறார், அதில் விழுவது நூற்றுக்கு 36. அந்த 17 ஷாட்டும் யாருடைய பாடம்? தப்பாகப் போட்டுப் போட்டுத்தான் ஒரு பையன் கற்றுக்கொள்வான். அந்தத் தப்புகளைச் செய்யும் உரிமையைப் பெரியவர் எடுத்துக்கொண்டார். கடைசி மேட்ச் ஞாபகம் இருக்கும், 60 பாயிண்ட். நமக்கு அது 2016 சித்திரை முதல் நாள் காலை, வீட்டில் மாங்காய்ப் பச்சடிக்குப் புளிப்பும் இனிப்பும் சரிபார்த்துக்கொண்டிருந்த நேரம். நானும் கத்தினேன், மறுக்கவில்லை. அந்த 60-க்கு அவர் போட்டது 50 ஷாட்.

டோம்பிவிலி: அப்படித் தோத்ததாலதானே சார் லேக்கர்ஸுக்கு டிராஃப்ட்ல நல்ல பிக், அதான் முன்னாடியே எடுக்கற முறை, கிடைச்சுது? அதுல எடுத்த பசங்களைக் கொடுத்துத்தானே அந்தோனி டேவிஸ்ங்கற பெரிய ஆளை வாங்கி 2020-ல கப் அடிச்சாங்க?

நல்ல பிடி. ஆனால் அதைத் திட்டம் என்று சொல்ல முடியாது, குருட்டு அதிர்ஷ்டம். ஸ்டீவ் நாஷை 38 வயசில் வாங்குவதற்காக 2012-லேயே டிராஃப்ட் பிக்கைக் கொடுத்துவிட்டார்கள். 2015-ல் முதல் ஐந்து இடத்துக்குள், அடுத்த இரண்டு வருஷமும் முதல் மூன்றுக்குள் விழுந்தால் மட்டும் தங்களிடமே இருக்கும் என்பது ஏற்பாடு. மூன்று தடவையும் குலுக்கலில் இரண்டாவது இடம் விழுந்தது. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால், தோல்வி இவர்களுக்கு, பையன் வேறு டீமுக்கு.

ஆன்டாப் ஹில்: தோனியை சி.எஸ்.கே. வெச்சிருக்கறதும் இதேதானே? உண்மையைச் சொல்லுங்க, நீங்களும் மஞ்சள் சட்டைதான்.

மஞ்சள் சட்டைதான், அதற்காகக் கணக்கை மாற்ற மாட்டேன். 2025-ல் தோனிக்குப் போனது டீம் செலவழிக்கக்கூடிய 120 கோடியில் 4 கோடி. டீம் கடைசி இடத்துக்குப் போனதற்கு அந்த 4 கோடியைக் குற்றம் சொல்ல முடியாது.

அதைவிட முக்கியம் ஆட்டத்தின் அமைப்பு. அதே சீசனில் நம்ம மும்பைப் பையன் ஆயுஷ் மாத்ரே, 17 வயசு, பெங்களூருக்கு எதிராக 94 அடித்தான். அன்று கேப்டன் தோனி. பின்னால் இறங்குகிற பெரியவரால் தொடக்க ஆட்டக்காரனுக்கு ஒரு பந்துகூடக் குறையவில்லை. கூடைப்பந்தில் ஐந்து பேருக்கு ஒரே பந்து, 24 வினாடிக்குள் யாராவது போட்டாக வேண்டும். அவர் கையில் இருந்தால் இவன் கையில் இல்லை. பெரியவர் வாங்கும் சம்பளத்தைவிட அவர் பிடித்து வைத்திருக்கும் பந்துதான் பெரிய செலவு என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

சயான்: பெரிய ஆள் இருந்தா நாலு மேட்ச் கூடவாவது ஜெயிக்கலாமே?

ஜெயிக்கலாம். மைக்கேல் ஜோர்டன் 38 வயசில் வாஷிங்டனுக்கு ஆட வந்தார். 19 வெற்றி பெற்றிருந்த டீம் 37-க்கு ஏறியது. அடுத்த வருஷமும் அதே 37, ப்ளேஆஃப் இரண்டு தடவையும் இல்லை. நடுவில், மேட்சுக்கு 20 பாயிண்ட் போட்டுக்கொண்டிருந்த 24 வயசு ரிச்சர்ட் ஹாமில்டனை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஹாமில்டன் 2004-ல் அங்கே சாம்பியன். ஜோர்டன் 2003-லேயே ஓய்வு பெற்றாகிவிட்டது.

ஒர்லி: 2019-ல என்.எஸ்.சி.ஐ. டோம்ல கிங்ஸ் – பேசர்ஸ் மேட்ச் பார்த்தேன். அந்த கிங்ஸ் ஏன் அத்தனை வருஷம் எழுந்திருக்கவே இல்ல?

முதல் நாள் ஓவர்டைம் வரை போய் 132-131 என்று ஒரே பாயிண்டில் தோற்றார்களே, அந்த சாக்ரமென்டோ கிங்ஸ். முதலாளி விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர் என்பதால் ஊரே அவர்கள் பக்கம்.

காரணம் பல. ஒன்று மட்டும் சொல்கிறேன். 2017 பிப்ரவரியில் தங்கள் நட்சத்திரம் கசின்ஸைக் கொடுத்துவிட்டு முதலிலிருந்து கட்டுவதாகக் கிளம்பினார்கள். டிராஃப்டில் டி'ஆரன் ஃபாக்ஸ் கிடைத்தான், கோடைக்காலத்தில் பார்த்தால் ஜார்ஜ் ஹில், 36 வயசை எட்டவிருந்த சாக் ராண்டால்ஃப், 40 வயசு வின்ஸ் கார்ட்டர் என்று வரிசையாகக் கையெழுத்து. கார்ட்டர் ஒரு வருஷம்தான், குற்றமில்லை. ஆனால் ஹில் ஆடுவதும் ஃபாக்ஸின் இடமே. அதற்கு மூன்று வருஷக் காண்ட்ராக்ட் எதற்கு? ஏழு மாசத்தில் க்ளீவ்லண்டுக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த வருஷம் டீமில் மேட்சுக்குச் சராசரியாக அதிக பாயிண்ட் போட்டது ராண்டால்ஃப், வெற்றி 27.

தாணே: அப்ப வயசான ஆளே வேண்டாங்கறீங்களா?

இல்லையே! கிறிஸ் பால் மாதிரி ஆள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். 2019-ல் ஓக்லஹோமா தன் நட்சத்திரம் வெஸ்ட்புரூக்கை ஹூஸ்டனுக்குக் கொடுத்தபோது, பதிலுக்கு வந்த கிறிஸ் பாலின் சம்பளம் பெரும் சுமை என்றுதான் எல்லோரும் பேசினார்கள், அதனால் ஹூஸ்டன் கூடவே டிராஃப்ட் பிக்குகளையும் கொடுத்தது. பால் வந்து 44 மேட்ச் ஜெயிக்க வைத்தார், பக்கத்தில் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் வளர்ந்தான். ஒரே சீசனில் அவரை ஃபீனிக்ஸுக்கு மாற்றி இன்னும் பிக் வாங்கினார்கள். அந்த ஷாயை வைத்து 2025-ல் ஓக்லஹோமா சாம்பியன். பிறகு 39 வயசில் சான் அன்டோனியோவில் ஒரு வருஷக் காண்ட்ராக்ட், 82 மேட்சும் ஆடினார். டீம் 22 வெற்றியிலிருந்து 34. அவர் பந்தை வைத்துக்கொள்வதே அந்த டீமின் இளம் நட்சத்திரம் வெம்பன்யாமாவுக்கு எங்கே வேண்டுமோ அங்கே கொடுப்பதற்காக.

குர்லா: டிக்கெட், ஜெர்ஸி விற்குமே, அது கணக்கில்லையா?

முதலாளிக்குக் கணக்கு. எனக்கும் உங்களுக்கும் எதற்கு?

நவி மும்பை: அக்கிலிஸ் போனவர் திரும்ப ஆடவே முடியாதா? டுராண்ட் ஆடினாரே?

ஆடினார், மேட்சுக்கு 27 பாயிண்ட் பக்கம். ஆனால் டுராண்ட் ஏறத்தாழ ஏழடி, யார் முன்னால் நின்றாலும் தலைக்கு மேலே போட்டுவிடுவார். லில்லார்ட் ஆறடி இரண்டு அங்குலம். அவருக்கு எல்லாம் எடுத்து வைக்கும் முதல் காலடிதான். அது அரை நொடி தாமதித்தால் எதிராளி கை முகத்துக்கு வந்துவிடும். அதனால்தான் 14 மில்லியன் சரி, 50 என்றால் சண்டைக்கு வருவேன்.

தாராவி: தம்பி, நான் பசங்களுக்குக் கோச்சிங் குடுக்கறேன். எங்க டீம்ல முன்னாடி ரயில்வேக்கு ஆடின சென்டர், கூடைகிட்ட நின்னு ஆடறவர், ஒருத்தர், 40 ஆகுது. அவர் இருந்தா பசங்க அவரையே பாக்கறானுங்க. எடுத்துடலாமா?

எடுக்காதீங்க அண்ணாச்சி. பெஞ்சிலிருந்து இறக்குங்கள். முதல் எட்டு நிமிஷம் பசங்களே ஆடட்டும், அவர் மாற்று ஆட்டக்காரர்களோடு வரட்டும். அப்போது பந்தை அவருக்கே போடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. கடைசி ஐந்து நிமிஷத்தில், மேட்ச் இழுபறியாக இருந்தாலும், உட்கார வையுங்கள். அதை முன்கூட்டியே, தனியாக, அவரிடமே பேசிவிடுங்கள், பசங்க முன்னால் வேண்டாம். பிராக்டிஸில் மட்டும் உங்கள் உயரமான பையன் எதிரே அவரைத் தினமும் நிறுத்துங்கள். பந்து வருவதற்கு முன்பே இடுப்பால் ஆளை ஓரங்கட்டி இடம் பிடிப்பாரே, அதை இரண்டு மாசம் வாங்கிக் கட்டிக்கொண்டால் பையன் தானாகத் திருப்பிச் செய்வான்.